கரை காலியாக இருந்த நாள்

முதலியார்பேட்டை
12 அக்டோபர் 2025

அன்புள்ள ரூபிக்கு,

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. ஆனால் உன் தங்கை ஸ்டெல்லாமேரி போனில் சொன்னாள்: "அக்கா ரெண்டையும் படிச்சுது மாமா. மடிச்சு பைபிளுக்குள்ள வெச்சிருக்குது." எனக்கு அதுவே போதும். வகுப்பில் கடைசி வரிசையில் சில பிள்ளைகள் இருப்பார்கள். கேள்வி கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் எல்லாம் காதில் விழும். அவர்களுக்காகவே நான் கொஞ்சம் உரக்கப் பாடம் நடத்துவேன்.

வீடு அப்படியே இருக்கிறது. தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்தாகிவிட்டது. மாடியில் மார்ட்டின் அறைக்கு நான் போவதில்லை.

உனக்குப் பிடிக்காத ஒரு செய்தியை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது நல்லது. சனி, ஞாயிறுகளில் நான் மார்ட்டினின் படகுத்துறைக்குப் போய்வருகிறேன். அவனுடைய கூட்டாளி கலைவாணன்தான் இப்போது கயாக் சவாரியை நடத்துகிறான். ஆற்றோரம் சுரபுன்னைக் காடுவரை வெளியூர்க்காரர்களைத் துடுப்புப் போட வைத்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருகிறான். எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் கரையில்தான் வேலை. வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு வார்களை இழுத்துக் கட்டுவேன். "சார், மூச்சு முட்டுது" என்பார்கள். "மூச்சு முட்டினால்தான் சரியாகக் கட்டியிருக்கிறது" என்பேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண், "இந்த ஆத்துல முதலை இருக்கா?" என்று கேட்டாள். கலைவாணன், "இருந்துச்சு மேடம். எங்க டிக்கெட் விலையக் கேட்டுட்டு வேற ஆத்துக்குப் போயிடுச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அது மார்ட்டின் சொல்லும் பதில் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆற்றுமுனைக் குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்குச் சவாரி கிடையாது என்று இப்போது வைத்திருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை அப்படி மூடினோம். காலையில் வந்து ஏமாந்த ஒருவர், "பக்கத்துத் தெருவில் யாரோ செத்ததற்கெல்லாம் ரத்து செய்கிறார்கள்" என்று இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். அவருக்கு நான் பணிவாகப் பதில் எழுதினேன். அதற்குக் கலைவாணன் என்னைக் கிண்டல் செய்கிறான்.

ஜனவரி 26 அன்று மார்ட்டினுக்கு வருஷப் பூசை. பங்குச் சாமியாரிடம் காலைப் பூசைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். நீ வர வேண்டும் ரூபி. அதற்குப் பிறகு இங்கேயே இருப்பதும் செஞ்சிக்குத் திரும்புவதும் உன் விருப்பம்.

யூஜின்


செஞ்சி
19 அக்டோபர் 2025

மார்ட்டின் அப்பாவுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்கவும் என்றும் எழுத மாட்டேன்.

ஏன் போனை எடுப்பதில்லை என்று ஸ்டெல்லாவிடம் கேட்டீர்களாம். காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். நேரில் உங்கள் குரல் உங்கள் குரல். போனில் அது அவன் குரல். அவன் இருந்தபோதே நான் எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறேன். உயிர்ப்பு ஞாயிறு கழிந்து இங்கே வந்த புதிதில் ஒருநாள் நீங்கள் பேசினீர்கள். "ரூபி, சாப்பிட்டியா" என்றீர்கள். அவன் விளையாட்டுக்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவானே, அதே மாதிரி இருந்தது. கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்குக் குரல் இல்லை.

படகுத்துறைக்கு வேலைக்குப் போகிறீர்கள். ரொம்ப நல்லது. பென்ஷன் போதவில்லையா? பிள்ளையை விழுங்கிய தண்ணீரில் ஊரார் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கரையில் நின்று வார் கட்டுகிறீர்கள். உங்கள் கைகள் எப்படித்தான் அதற்கு வருகின்றனவோ.

இதைவிட என்னை எரித்தது இன்னொன்று. குப்பத்தில் சாவு என்றால் துறையை மூடி மரியாதை செய்கிறீர்களாம்.

அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கச் சொல்லாதீர்கள். சவாரிக்கு வந்த யாரோ அன்றைக்குக் கரையிலிருந்து எடுத்தது. நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அவன் இருக்கும் பக்கத்தை நான் பார்ப்பதில்லை. கரையைப் பார்ப்பேன். வரிசையாக பைபர் படகுகள் மணலில் நிற்கின்றன. வலை காய்கிறது. ஒரு ஆள் இல்லை. கடலில் பிறந்து வளர்ந்த ஒரு குப்பமே பக்கத்தில் இருக்கிறது, ஒரு ஆள் ஓடி வரவில்லை. பின்னால் எங்கேயோ மேளம் அடிக்கிறார்கள், வெடி போடுகிறார்கள். எவன் வீட்டுக் கொண்டாட்டமோ. என் பிள்ளை கைதூக்கிக் கூப்பிட்டபோது அவர்கள் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வீட்டுச் சாவுக்குத்தான் நீங்கள் துறையை மூடுகிறீர்கள்.

பூசைக்கு வருவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு பதில் வேண்டும். அன்றைக்கு ஏன் யாரும் வரவில்லை? அதைச் சொல்லுங்கள். பிறகு பார்ப்போம்.

ரூபி


முதலியார்பேட்டை
28 அக்டோபர் 2025

அன்புள்ள ரூபிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்துவிட்டேன். தபால்காரர், "என்னா சார், நல்ல செய்தியா?" என்று கேட்டார். "வீட்டில்தான் எழுதியிருக்கிறாள்" என்றேன். இந்த வருஷத்தில் அதைவிட நல்ல செய்தி எனக்கு வரவில்லை, நீ திட்டியிருந்தாலும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது. கயாக்குகளையெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டோம். டிசம்பர் பாதிவரை சவாரி இருக்காது.

வீடியோவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். திங்கட்கிழமை காலை பிரார்த்தனை நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து வகுப்பறையைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? காலி பெஞ்சுகள். திறந்து கிடக்கும் பைகள். பலகையில் தேதி. பார்க்கிறவர், இந்தப் பள்ளியில் பிள்ளைகளே இல்லை என்பார். பிள்ளைகள் எல்லோரும் கொடிக்கம்பத்தின் கீழே நிற்பார்கள். படம் பொய் சொல்லாது. ஆனால் அது எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அதைத்தான் சொல்லும்.

அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதில்லை என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் நேரம் கொடு.

யூஜின்


செஞ்சி
4 நவம்பர் 2025

மார்ட்டின் அப்பாவுக்கு,

கல்லறைத் திருநாளும் போய்விட்டது. நீங்கள் தனியாகப் போய் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பீர்கள். இங்கே நான் யாருடைய கல்லறை என்றே தெரியாத ஒன்றுக்கு ஏற்றினேன். புல் முளைத்துக் கிடந்தது. பிடுங்கிவிட்டு வந்தேன்.

வாக்குக் கொடுத்திருக்கிறீர்களாம். யாருக்கு? என்னைவிட அவனுக்கு நெருக்கமானவர் யார்?

பள்ளிக்கூடம், கொடிக்கம்பம் எல்லாம் எனக்கு வேண்டாம். முப்பது வருஷமாக உங்கள் உதாரணங்களைக் கேட்டிருக்கிறேன். உதாரணம் சொல்கிறீர்கள் என்றால் உண்மையைச் சொல்லப் பயப்படுகிறீர்கள் என்று அர்த்தம்.

சொல்லாவிட்டால் பூசைக்கு வர மாட்டேன். அந்த வீட்டுக்கும் வர மாட்டேன். இது கோபத்தில் எழுதியது இல்லை.

ரூபி


முதலியார்பேட்டை
16 நவம்பர் 2025

அன்புள்ள ரூபிக்கு,

நேற்று மழையோடு குப்பத்துக்குப் போனேன். அஞ்சலாட்சி அம்மாளைப் பார்த்தேன். அவரை நீ பார்த்ததில்லை. பலராமனுடைய மனைவி. படகுத்துறை இருக்கும் இடம் பலராமன் தன் வலைக்கொட்டகைக்குப் பக்கத்தில் மார்ட்டினுக்கு விட்டுக்கொடுத்தது. மார்ட்டின் அவரை 'பலராமண்ணே' என்பான், நீயும் கேட்டிருப்பாய். நான் வாக்குக் கொடுத்தது அஞ்சலாட்சி அம்மாளுக்குத்தான்.

உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"யாருமே வரலன்னா நெனச்சிக்கினு இருக்காங்க? இத்தினி நாளாவா?"

"ஆமாம்மா."

"அய்யோ, பெத்த வயிறு எப்பிடி எரிஞ்சிருக்கும்! ஏன் சார், நீங்க வாத்தியார்தான? சொல்லாதீங்கன்னு நான் ஒரு தபா சொன்னா அப்பிடியே புடிச்சிக்கினு உக்காந்திருப்பீங்களா? அவங்க துக்கத்து மேல எங்க துக்கத்தையும் ஏத்த வேணாம்னு சொன்னேன். இதுக்கா சொன்னேன்? எழுதுங்க. எல்லாத்தியும் எழுதுங்க."

அதனால் எழுதுகிறேன். இதில் உதாரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 25 அன்று சாயங்காலம் பலராமன் மார்வலியில் இறந்துபோனார். குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது. மறுநாள் காலை மார்ட்டின் மாலையோடு போனான். பஞ்சாயத்துப் பெரியவர்களிடம் நேராகவே கேட்டான்: "இன்னிக்கு ஓட்டட்டுமா, நிறுத்தட்டுமா?" அவர்கள், "கடலுக்குத்தாம்பா கட்டு. நீ ஆத்துலதான ஓட்டுற? லீவு நாளு, ஜனம் வந்து நிக்குது. ஓட்டு" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அவனும் மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டினான்.

இதில் அவர்களும் நினைத்துப் பார்க்காத, அவனும் நினைத்துப் பார்க்காத ஒன்று இருந்தது. மற்ற நாட்களில் முகத்துவாரத்தில் எந்த நேரமும் படகு போகும், வரும். மணல் திட்டில் யாராவது வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆறு கடலுக்கு இழுக்கும் நேரத்தில் ஒரு கயாக் அந்தப் பக்கம் ஒதுங்கினால், "ஏய், எங்க போற?" என்று அதட்டிக் கயிறு வீசுவார்கள். பலமுறை வீசியிருக்கிறார்கள். அது ஒரு காவல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால், அன்றைக்கு அது இல்லை என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் பாடை எடுத்தார்கள். நானும் கூட நடந்தேன். உன்னிடம் பலராமன் சாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே கிளம்பினேன், அது உன் நினைவில் இருக்காது. நீ கேட்ட மேளம் அந்த மேளம்தான். வெடியும் அதுதான். குப்பம் முழுக்க அந்த ஊர்வலத்தில் இருந்தது. அதனால்தான் கரை காலியாக இருந்தது.

பெண்கள் திரும்ப வேண்டிய முச்சந்தியில் பாடையை இறக்கினார்கள். அப்போது ஒரு பெண் வெறுங்காலோடு, லைஃப் ஜாக்கெட் சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். பூர்ணிமா என்று பெயர், சேலத்துப் பெண். அவளும் அவள் தங்கையும் போன கயாக்தான் முகத்துவாரத்துக்கு இழுபட்டது. மார்ட்டின் தன் கயாக்கில் போய் இருவரையும் மணல் திட்டில் ஏற்றிவிட்டான். அவனுடையது அலையில் கவிழ்ந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அவள் கத்தியது மேளத்தில் கேட்கவில்லை. மேளக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கைடு தண்ணியோட போயிட்டிருக்காரு! யாராவது வாங்க!" என்றாள். பெயர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது.

ரூபி, ஒருவர்கூட யோசிக்கவில்லை. பாடையை அங்கேயே விட்டுவிட்டு அத்தனை ஆண்களும் ஓடினார்கள். கொள்ளிச் சட்டி ஏந்திய பலராமனின் மகனும் அதைத் தரையில் வைத்துவிட்டு ஓடினான். கடலுக்குக் கட்டுப்போட்ட நாளில் கட்டுப்போட்டவர்களே படகைத் தள்ளினார்கள். வீடியோ எடுத்தவர் அதற்கு முன்பே போனை மடக்கிவிட்டிருக்க வேண்டும்.

நானும் ஓடினேன். பலராமனின் தம்பி அம்மாவாசை என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "சார், உங்களுக்கு நீச்ச தெரியாது. அண்ணன தனியா உடக் கூடாது. நீங்க கூட இருங்க."

இருந்தேன். பாடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அஞ்சலாட்சி அம்மாள், சுற்றிலும் பெண்கள். அவர் அழுகையை நிறுத்திவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ" என்றார். நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். "பயப்படாதீங்கம்மா, அங்க மார்ட்டின் இருக்கான். அவன் பார்த்துக்குவான்" என்றேன்.

பிறகு அம்மாவாசை ஈரத்தோடு திரும்பி வந்தார். என்னிடம் வரவில்லை. அண்ணியிடம் குனிந்து ஏதோ சொன்னார். அந்த அம்மாள் கணவனின் தலைமாட்டிலிருந்து எழுந்தார். சுற்றி வந்து என் கையைப் பிடித்தார். "எந்திரிங்க சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கரைவரை என் கையை விடவில்லை. அவர்கள் அவனைக் கொண்டுவரும்வரை என்னோடு நின்றார்.

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த நேரத்துக்கு மேல் அவர்கள் அடக்கம் செய்வதில்லை. எடுத்த பாடையைத் திரும்ப வீட்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. பலராமன் விடியும்வரை அந்த முச்சந்தியில், ஒரு தார்ப்பாயின் கீழே கிடந்தார். அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஏன் அங்கே போகிறேன் என்று கேட்டாயே. அன்றைக்கு என்னோடு இருந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வேறு காரணம் இல்லை.

இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அந்த அம்மாள் சொல்ல வேண்டாம் என்றது எனக்கு வசதியாகவும் இருந்தது.

யூஜின்


செஞ்சி
7 டிசம்பர் 2025

மார்ட்டின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ஸ்டெல்லா தினமும், "மாமாவுக்கு ஒரு வரி போடேன்க்கா, அந்த மனுசன் வாசல்லயே நின்னுக்கினு இருக்கும்" என்கிறாள். எழுத உட்காருவேன். எழுந்துவிடுவேன்.

வீடியோவை மறுபடி பார்த்தேன். படத்தைப் பார்க்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டேன். சாவு மேளம்தான். எனக்குத் தெரியாத மேளமா அது? எத்தனை சாவு பார்த்திருக்கிறேன். என் காதுக்கு அது கல்யாண மேளமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. அப்போதுதான் சபிக்க முடிந்தது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் எனக்கு ஆறுதலாக இல்லை. நல்லவர்களாக இருந்துவிட்டார்களே என்று அழுதேன். யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருக்கலாம். இவ்வளவு நாளும் காலையில் கண்விழித்ததும் எனக்கு ஒரு வேலை இருந்தது. அந்தக் குப்பத்தைத் திட்டுவேன், அவன் காப்பாற்றப் போன அந்தப் பெண்களைத் திட்டுவேன், உங்களைத் திட்டுவேன். பிறகு எழுந்து பல் துலக்குவேன். இப்போது விழித்தால் அவன் இல்லை என்பது மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீங்கள் அந்தப் பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மார்ட்டின் இருக்கான்" என்று சொன்னதைப் படித்தபோது உங்கள் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இத்தனை மாசமாக அதை எப்படித் தனியாக வைத்திருந்தீர்கள்? நான் உங்களைக் கேட்டிருக்கக்கூடியது எத்தனையோ இருந்தது. பென்ஷன் போதவில்லையா என்று கேட்டேன்.

அந்த அம்மாளுக்கு யாராவது துக்கம் விசாரித்தார்களா? ஊரே நம் வீட்டு வாசலில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரை யார் போய்ப் பார்த்திருப்பார்கள்? வருஷம் திரும்புவதற்குள் போய்க் கேட்க வேண்டும். நான் வருகிறேன். நீங்கள் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். அங்கிருந்து நேராகக் குப்பத்துக்குக் கூட்டிப் போங்கள். நம் வீட்டுக்குப் போய்விட்டால் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், பிறகு எங்கேயும் போக மாட்டேன். அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றுமோ, அதுவும் தெரியாது. கதவைச் சாத்தினாலும் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இருப்பேனா என்று இப்போது கேட்காதீர்கள்.

பூசைக்கு ஒரு ஏற்பாடு. சாமியாரிடம் சொல்லிப் பலராமன் பெயரையும் சேர்த்துவிடுங்கள். "நம்ம பங்குக்காரர் இல்லையே" என்று அவர் தயங்கினால், அவரை நான் வந்து பார்க்கிறேன். இரண்டு பேரையும் படிக்கச் சொல்லுங்கள். பலராமன் பெயரை முதலில் படிக்கட்டும். முதலில் புறப்பட்டவர் அவர்தான். நம் பிள்ளைக்காக வழியில் நின்றவரும் அவர்தான்.

ரூபி